நிஜ ஸ்டேஷனை மாடலா பண்றவங்களுக்கு பீகோ கோட் 75 ட்ராக் சரிப்படுமா?

எடுத்ததும் சொல்லிடறேன், மாடல் ரயில் செட்டோட வர்ற ரெடிமேட் வளைவுத் துண்டுகளை (செட் ட்ராக்) வச்சு நிஜத்துல இருக்கிற ஒரு ஸ்டேஷனை மாடலா பண்ணவே முடியாது. வட்டமா ஓட விடலாம், பசங்க குஷியாவாங்க, ஆனா அந்த ஸ்டேஷன்ல தினமும் ஏறி இறங்குற ஒருத்தர் வந்து பார்த்துட்டு "அட, இது நம்ம ஸ்டேஷன்ல!"ன்னு சொல்லணும்னா அந்த ட்ராக் ஒத்துழைக்காது. கணக்கு போட்டா தெரியும். செட் ட்ராக்ல ரொம்ப சகஜமா கிடைக்கிற வளைவோட ரேடியஸ் 438 மில்லிமீட்டர். எச்ஓ ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு அளவுல, 87ஆல பெருக்குங்க, சுமார் 38 மீட்டர் வருது. மெயின் லைன்ல எந்த எக்ஸ்பிரஸ் 38 மீட்டர் வளைவுல திரும்புது? நிஜ ஸ்டேஷன்ல வளைவு இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது, பிளாட்பாரம் கடைசியில நின்னு பார்த்தா தான் தண்டவாளம் லேசா ஒதுங்கிப் போறது தெரியும். அந்த லேசான ஒதுங்கல் தான் ஸ்டேஷனுக்கு முகம். அதைக் கொண்டு வர ஃப்ளெக்ஸி ட்ராக், அதாவது நம்ம இஷ்டத்துக்கு வளைச்சுக்கிற ட்ராக் தான் வழி, அதுல நான் போட்டுப் பார்த்தது பீகோவோட ஸ்ட்ரீம்லைன் கோட் 75.

கம்பெனி பத்தி ரெண்டு வரி. இங்கிலாந்து, டெவன் பக்கம், 1946ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் அங்கேயே தான் பண்றாங்க. கோட் 75ன்னா தண்டவாளத்தோட உயரம் ஒரு இன்ச்ல ஆயிரத்துல 75 பங்கு, அதாவது 1.9 மில்லிமீட்டர். கோட் 100 அதே கணக்குல 2.54. இந்த அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு பேச்சான்னு கேக்கலாம், ஆனா நிஜத்துல கனமான யுஐசி 60 தண்டவாளமே 172 மில்லிமீட்டர் உயரம் தான், 87ஆல வகுத்தா 1.98. கோட் 75 கிட்டத்தட்ட அங்கேயே நிக்குது. கோட் 100ஐ திருப்பி பெருக்கினா 221 மில்லிமீட்டர் வரும், அவ்வளவு உயரமான தண்டவாளம் எந்த ரயில்வேலயும் கிடையாது. மேல இருந்து பார்க்கும்போது பெருசா தெரியாது, ஆனா போன் கேமராவை பேஸ்போர்டு (மாடலை வைக்கிற பலகை) மட்டத்துக்கு இறக்கி ஒரு போட்டோ எடுங்க, கோட் 100 பொம்மைன்னு காட்டிக் கொடுத்துடும்.

ட்ராக் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டேஷனை அளக்கணும். அளக்குறதுன்னா டேப் எடுத்துக்கிட்டு லைன்ல இறங்குறது இல்ல, அது ஆபத்து, சட்டப்படி தப்பும் கூட. சாட்டிலைட் மேப்ல தூரம் அளக்குற வசதி இருக்கு, பிளாட்பாரம் நீளம், பாயிண்ட் (ஒரு லைன் ரெண்டா பிரியற இடம்) எங்க ஆரம்பிக்குது, லூப் (பிரிஞ்சு போய் திரும்ப சேர்ற பக்க லைன்) எங்க சேருது எல்லாம் அதுலயே கிடைக்கும். போட்டோ எடுக்கிறதுக்கு அனுமதி வேணுமான்னு முதல்ல ஸ்டேஷன் மாஸ்டர் கிட்ட கேட்டுக்கோங்க. நேர் எதிர்ல நின்னு எடுத்த போட்டோவா இருந்தா ஸ்லீப்பர் கட்டையை எண்ணியே நீளம் போடலாம், மெயின் லைன்ல கட்டைக்கு கட்டை பொதுவா 60 சென்டிமீட்டர் சுத்தி தான் இருக்கும்.

அளந்து முடிச்சதும் வயித்துல புளியைக் கரைக்கும். 400 மீட்டர் பிளாட்பாரம் எச்ஓல 4.6 மீட்டர், அதை விட சின்ன N ஸ்கேல்ல (160ல ஒரு பங்கு) கூட ரெண்டரை மீட்டர். இது பிளாட்பாரம் மட்டும் தான், ரெண்டு பக்கமும் இருக்கிற பாயிண்ட் கூட்டம் தனி. அதனால எங்கயாவது சுருக்கியே ஆகணும், எங்க சுருக்குறோம்ங்கிறதுல தான் விஷயமே இருக்கு. என் அபிப்ராயம், பிளாட்பாரத்தோட நடுப்பகுதியை தாராளமா வெட்டலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. சைடிங்கை (வண்டியை ஓரமா நிறுத்தி வைக்கிற லைன்) குறைக்கலாம். ஆனா ஸ்டேஷன் வாசல், அதாவது லைன் எல்லாம் பிரியற இடம், அதுல எந்த லைன் எதுக்கு முன்னாடி பிரியுதுங்கிற வரிசையை மட்டும் மாத்தவே கூடாது. மாத்தினா அது வேற ஸ்டேஷன் ஆயிடும், மேல அதே பில்டிங்கை அச்சு அசலா வச்சாலும் சரி. லண்டன்ல 1910ல ஆரம்பிச்ச மாடல் ரயில்வே கிளப் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கு வெளியில இருக்கிற பகுதியை 2 மில்லிமீட்டர் ஸ்கேல்ல (நிஜத்துல ஒரு அடிக்கு 2 மில்லிமீட்டர்) பண்ணியிருக்காங்க, போட்டோ தேடிப் பாருங்க, பின்னாடி போகப் போக ஸ்கேலையே சின்னதாக்கி கண்ணை ஏமாத்தியிருப்பாங்க. அவங்களுக்கே இடம் பத்தலைன்னா நமக்கு எங்க பத்தும்!

இப்ப பாயிண்ட். இதுல தான் பணமும் போகும் மண்டையும் காயும். ஸ்ட்ரீம்லைன்ல சின்னது, மீடியம், பெருசுன்னு மூணு சைஸ், நீளம் 185, 219, 258 மில்லிமீட்டர். மூணுலயும் பிரியற கோணம் 12 டிகிரி தான், அதனால எதை எதோட சேர்த்து கிராஸ்ஓவர் (ஒரு லைன்ல இருந்து பக்கத்து லைனுக்கு மாறுற இணைப்பு) போட்டாலும் ரெண்டு லைனுக்கு நடுவுல சென்டர் டு சென்டர் 50.8 மில்லிமீட்டர் வந்துடும். பிளான் போடுறவனுக்கு இது பெரிய நிம்மதி, அதுலயும் எச்ஓக்கு அது 4.4 மீட்டர், நிஜ டபுள் லைன் இடைவெளிக்கு பக்கத்துலயே இருக்கு. ஆனா நிஜத்தோட ஒப்பிட்டா இந்த 12 டிகிரி ரொம்ப ஜாஸ்தி. 12 டிகிரின்னா சுமார் 4.7க்கு ஒண்ணு, அதாவது 4.7 பங்கு முன்னாடி போனா ஒரு பங்கு விலகும். நிஜத்துல ஐரோப்பாவுல 9க்கு 1, இந்தியாவுல எட்டரைக்கு 1, 12க்கு 1ன்னு தான் போடுவாங்க. 12க்கு 1ன்னா கோணம் 5 டிகிரி கூட கிடையாது. அதனால எவ்வளவு பெரிய பாயிண்ட் வாங்கினாலும் நிஜத்தை விட குட்டையா, வெடுக்குன்னு திரும்புற மாதிரி தான் தெரியும். இதை குறைன்னு சொல்றதா, இடத்தை மிச்சப்படுத்துற உதவின்னு சொல்றதான்னு கேட்டா, ஒரு ரூமுக்குள்ள ஸ்டேஷனை அடக்கணும்னு நினைக்கிறவனுக்கு உதவி தான். ஒரே ஒரு விஷயம், கண்ணுக்கு முன்னாடி தெரியற மெயின் லைன்ல பெருசையே போடுங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. சின்னதை யார்டுக்குள்ள தள்ளி விடுங்க. நீளமான கோச் சின்ன பாயிண்ட்ல போகும்போது ரெண்டு பெட்டியும் மூலைக்கு மூலை எதிரெதிர் பக்கம் பிதுங்கி நிக்கும், பார்க்க சகிக்காது.

வளைவுலயே பிரியற பாயிண்ட், மூணு வழி, டயமண்ட் (ரெண்டு லைன் குறுக்கா வெட்டிக்கிற இடம்), டபுள் ஸ்லிப் (அப்படி வெட்டிக்கிற இடத்துலயே ஒரு லைன்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறவும் முடியறது) எல்லாமே இருக்கு. பழைய ஸ்டேஷனை பண்றவங்களுக்கு இது முக்கியம், ஏன்னா அந்தக் காலத்து யார்டுல இடம் பத்தாம டபுள் ஸ்லிப்பா போட்டுத் தள்ளியிருப்பாங்க.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது எதுன்னா, பாயிண்ட்டோட நிஜ அளவு வரைபடத்தை கம்பெனியே இலவசமா டவுன்லோட் பண்ண விட்டிருக்கு. பிரிண்ட் எடுக்கும்போது 100 சதவீதத்துல வச்சு எடுங்க, "பேப்பருக்கு ஏத்த மாதிரி"ங்கிற டிக்கை எடுத்துடணும், ஸ்கேல் வச்சு ஒரு தடவை அளந்து பார்த்துக்கோங்க. அப்புறம் வெட்டி, போர்டு மேல டேப் போட்டு ஒட்டி, கிட்ட ஒரு இன்ஜின் ரெண்டு கோச்சை வச்சு கண்ணை தாழ்த்திப் பாருங்க. ஸ்டேஷன் வாசல் சரியா இருக்கா இல்லையான்னு கம்ப்யூட்டர் திரை சொல்லாது, இந்தப் பேப்பர் சொல்லிடும். பாயிண்ட் ஒண்ணு கூட வாங்காம மொத்த ஸ்டேஷனையும் தரையில விரிச்சுப் பார்த்துடலாம், மேல மேல பேப்பரை நகர்த்தி சண்டை போடலாம், செலவே இல்ல.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். இப்ப வர்ற பாயிண்ட்கள்ல யூனிஃப்ராக்னு ஒரு அமைப்பு. நடுவுல தண்டவாளம் ரெண்டும் குறுக்கிடுற அந்த வி மாதிரி இடம் தனியா பிரிச்சு வச்சிருக்கும், அதுல ஒரு ஒயர் தொங்கும். அப்படியே விட்டாலும் ஓடும். ஆனா குட்டி ஷண்டிங் இன்ஜின் மெதுவா போகும்போது அந்த இடத்துல நின்னு போகாம இருக்கணும்னா ஒயரை சுவிட்ச் வழியா இணைச்சிடறது நல்லது. ஸ்டேஷன் மாடல்ல வேகமா ஓட்டுற வேலையே கிடையாது, எல்லாமே ஊர்ந்து வந்து நிக்கிறது தான், அதனால இந்த வேலைக்கு சோம்பல் படாதீங்க. பாயிண்ட்டுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு, விரலால தள்ளினா டக்குன்னு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கும், மோட்டார் இல்லாமயே ஆரம்பிச்சிடலாம். மெதுவா நகர்த்துற மோட்டார் போடுறதா இருந்தா மட்டும் ஸ்பிரிங்கை கழட்டிடணும், அதை பாயிண்ட்டை போர்டுல ஒட்டுறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க.

ஃப்ளெக்ஸி போடுற வேலை. ஒரு நீளம் 914 மில்லிமீட்டர், ஒரு கஜம். வளைச்சு கையை விட்டா நிமிர்ந்துக்கும், இந்த பிராண்டுல அந்த துள்ளல் உண்டு, அதனால ஒட்டுற வரைக்கும் குண்டூசி அடிச்சு பிடிச்சு வைக்கணும். வளைச்சதும் உள்பக்க தண்டவாளம் நீட்டிக்கிட்டு வரும், அதை வெட்டி அரம் போட்டு முனையை லேசா மழுக்கணும். ஜாயிண்ட் வளைவுல வந்தா தான் தலைவலி, ரெண்டு துண்டும் சேர்ற இடத்துல சின்னதா ஒரு கோணம் விழும், தூரத்துல இருந்து பார்த்தா கூட கண்ணைக் குத்தும். அதுக்கு ரெண்டு துண்டையும் நேரா வச்சு ஜாயினரோட (தண்டவாள முனைகளை இணைக்கிற குட்டி உலோகத் துண்டு) சால்டர் பண்ணிட்டு அப்புறம் வளைக்கணும், ஒரே துண்டு மாதிரி வழவழன்னு வளையும். மத்த ஜாயிண்ட்டை சால்டர் பண்ணாம மயிரிழை இடைவெளி விட்டுடுங்க. 20 டிகிரி சூடு ஏறினா ஒரு கஜத்துக்கு 0.3 மில்லிமீட்டர் தான் நீளும், அதை விட மரப் போர்டு ஈரத்துல உப்புறதும் சுருங்குறதும் தான் அதிகம். ஜாயினரை நம்பி கரண்ட் விடாதீங்க, நாளாக ஆக லூஸ் ஆகும், ஒவ்வொரு துண்டுக்கும் அடியில தனி ஒயர்.

திட்டணும்னா ஒரு இடம் இருக்கு. இந்த ட்ராக்கோட 16.5 மில்லிமீட்டர் அகலம் எச்ஓக்கு மட்டும் தான் ஒழுங்கா பொருந்தும், 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்ட் கேஜ். பிரிட்டிஷ் 00 ஸ்கேல்காரங்களுக்கு (76.2ல ஒரு பங்கு) இதே ட்ராக் தான், அங்க பெருக்கினா 1257 தான் வரும், கட்டைகளும் எச்ஓ அளவுல சின்னதா நெருக்கமா இருக்கும், அதனால வண்டி கொஞ்சம் ஒல்லிக்கால்ல நிக்கிற மாதிரி தோணும். அகலப் பாதை ஸ்டேஷன்னா இன்னும் மோசம். இந்தியாவோட 1676 எச்ஓல 19.3 மில்லிமீட்டர் இருக்கணும், கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறையுது, நேர் எதிர்ல நின்னு பார்த்தா தெரியும். சரியான அகலம் தான் வேணும்னா கட்டையும் தண்டவாளமும் தனித்தனியா வாங்கி கையாலயே கட்டணும், அது வேற உலகம், வருஷக்கணக்குல இழுக்கும். நான் 16.5ஓட சமாதானம் ஆயிட்டேன், பக்கவாட்டுல இருந்து தான் எல்லாரும் பார்க்கிறாங்க. உங்க ஸ்டேஷன் மீட்டர் கேஜா இருந்தா யோகம், 12 மில்லிமீட்டர்ல தனி ட்ராக்கே போடுறாங்க, அளவு ஓரளவு அழகா ஒத்துப் போகும்.

கட்டை மரமா கான்கிரீட்டா, ஃப்ளெக்ஸில ரெண்டும் கிடைக்குது. போட்டோவைப் பார்த்து முடிவு பண்ணுங்க, பல ஸ்டேஷன்ல மெயின் லைன் கான்கிரீட்டாவும் பழைய சைடிங் மரமாவும் இருக்கும், அந்த வித்தியாசத்தை காட்டினாலே பாதி ஸ்டேஷன் வந்துடும். அதே மாதிரி மெயின் லைனுக்கு அடியில 3 மில்லிமீட்டர் கார்க் போட்டு உயர்த்துங்க, சைடிங்கை நேரா போர்டு மேலயே ஒட்டுங்க, நிஜத்துல சைடிங் ஜல்லியெல்லாம் மண்ணுல புதைஞ்சு தாழ்வா தான் கிடக்கும். தண்டவாளத்தோட பக்கவாட்டுல துரு கலர் அடிச்சிட்டு, மேல்பக்கத்தை மட்டும் துடைச்சிடுங்க. பளபளன்னு இருக்கிற புது ட்ராக்கை அப்படியே விட்டா கோட் 75க்கு குடுத்த காசு வேஸ்ட். ஜல்லிக்கு வெள்ளைப் பசையை தண்ணில கரைச்சு ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு சொட்டு சொட்டா ஊத்துங்க, பாயிண்ட்ல நகர்ற பிளேடு கிட்ட மட்டும் போகவே போகாதீங்க, ஒட்டிக்கிச்சுன்னா தொலைஞ்சது.

பிளாட்பாரம் விளிம்பை கடைசியில ஒட்டுங்க. உங்க கிட்ட இருக்கிறதுலயே நீளமான கோச்சை எடுத்து, 26.4 மீட்டர் கோச்னா எச்ஓல 303 மில்லிமீட்டர், வளைவுல தள்ளிப் பாருங்க. உள்பக்கம் நடு வயிறு தள்ளும், வெளிப்பக்கம் ரெண்டு முனையும் தள்ளும். ஒரு பென்சிலை கோச்சுல ஒட்டி தள்ளிக்கிட்டே போனா எங்க வரைக்கும் வருதுன்னு போர்டுல கோடே விழுந்துடும், அந்தக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியில பிளாட்பாரம்.

யாருக்கு இது வேண்டாம்? பழைய வண்டி நிறைய வச்சிருக்கிறவங்களுக்கு. அந்தக் காலத்து சக்கரத்துல விளிம்பு ரொம்ப ஆழமா இருக்கும், கோட் 75ல தண்டவாளத்தைப் பிடிச்சிருக்கிற அந்த குட்டி கிளிப்புல இடிச்சு தடதடன்னு ஓடும். வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு துண்டு வாங்கி உங்க வண்டியெல்லாம் அதுல உருட்டிப் பார்த்துடுங்க. அப்புறம், ஸ்டேஷனுக்கு வெளியில வண்டிகளை ஒளிச்சு வைக்கிற லைன் இருக்கும்ல, யார் கண்ணுக்கும் படாத அந்த இடத்துக்கு கோட் 100 தாராளமா போதும், வலுவாவும் இருக்கும், ரெண்டையும் சேர்க்கிற மாற்றுத் துண்டையும் பீகோவே விக்கிறாங்க. அதை சுரங்கமோ பாலமோ மறைக்கிற இடத்துக்குள்ள வர்ற மாதிரி பிளான்லயே குறிச்சு வச்சுக்கோங்க.