பாடும் குரலுக்கு அடுத்த மேடை எது? இயக்கம், காபரே, பயிற்றுவித்தல்: ஓர் ஒப்பீடு

ஓபரா என்பது பாடியே நடிக்கும் மேலைநாட்டு இசை நாடகம். அதில் பாடுகிறவரின் குரல் ஒரு நாள் மாறத்தான் செய்யும். சோப்ரானோவாக (மிக உயர்ந்த பெண் குரல்) இருந்தவர் மெஸோவாக (அதற்குக் கீழான பெண் குரல்) இறங்கலாம், மேல் ஸ்தாயி கனத்துப் போகலாம், விரும்பிய வேடங்கள் வருவது குறையலாம். அந்தச் சமயத்தில் பேச்சில் அடிபடுகிற வழிகள் மூன்று: ஓபராவை இயக்குவது, காபரே பாடுவது, பாட்டு சொல்லிக் கொடுப்பது. பாடி முடித்த பிறகு இவற்றில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்றுக்கும் இறங்க வேண்டிய வயது வேறு வேறு. அதைத் தவறவிட்டால் திறமை இருந்தும் பலன் இருக்காது.

முதலில் காபரே. இந்தச் சொல்லைக் கேட்டதும் பழைய சினிமா நடனம்தான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அதையல்ல. சின்ன அறை, ஒரு பியானோ, கைக்கெட்டும் தூரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ரசிகர்கள், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவர்களோடு பேசும் பாடகர். 1881இல் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் தொடங்கிய 'கறுப்புப் பூனை' என்ற விடுதியிலிருந்து இந்த மரபைச் சொல்வார்கள். செவ்வியல் இசைக்காரர்களுக்கு இது அந்நியமும் அல்ல. இசையமைப்பாளர் ஷேன்பெர்க் 1901இல் காபரே பாடல்கள் எழுதினார், பெர்லினில் அப்படி ஒரு மேடையில் வேலையும் பார்த்தார். கவிஞர் ஆடனின் வரிகளுக்கு ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்த காபரே பாடல்களை ஓபரா பாடகர்கள் இன்றும் பாடுகிறார்கள்.

குரல் தேய்ந்தவர்கள் ஒதுங்கும் இடம் காபரே என்றொரு எண்ணம் இருக்கிறது. அது தப்பு. ஏன் என்று புரிய, குரல் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓபராவில் மைக் கிடையாது. பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி ஒற்றைக் குரல் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். வாத்தியக் குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸை ஒட்டி வலுவாக இருக்கும், அதற்கு மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற பாடகர், குறிப்பாக ஆண் குரலும் தாழ்ந்த பெண் குரலும், 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஒலியைக் குவித்து அந்த இடைவெளியில் நுழைகிறார். பல வருட உழைப்பில் வரும் கூர்மை அது. அதே கூர்மை, வாய்க்குப் பக்கத்தில் வைத்த மைக்கில் காதைக் குத்தும். மேல் ஸ்தாயியின் அகலமான விப்ராட்டோவும் (சுரத்தில் வரும் சீரான அசைவு) சின்ன அறைக்கு அதிகம்.

அதனால் காபரேவுக்கு வரும் ஓபரா பாடகர் சுருதியை நன்றாக இறக்க வேண்டும். பேசும் குரல் இருக்கும் இடத்திலேயே பாட வேண்டும். சொல்லை இசைக்கு முன்னால் நிறுத்த வேண்டும். இது புதிதாகக் கற்க வேண்டிய வித்தை. உடம்பு வளைந்துகொடுக்கும்போதே கற்றால்தான் கைவரும்.

இதற்கு எனக்குத் தெரிந்து அமெரிக்க சோப்ரானோ ஐலீன் ஃபாரெலை விடச் சிறந்த சாட்சி இல்லை. 1959இல் இத்தாலியின் ஸ்பொலேட்டோ விழாவுக்கு வெர்டியின் ரெக்வியம் (இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை) பாடப் போனார். அங்கே ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவர் இடத்தில் மேடையேறி ஜனரஞ்சகப் பாடல்களைப் பாடினார். அடுத்த வருடம் அப்படிப்பட்ட பாடல்களின் இசைத்தட்டு வந்தது. அதே 1960 டிசம்பரில்தான் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் முதன்முதலாகப் பாடினார். குரல் உச்சத்தில் இருந்தபோதே இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளப் பழகியவர். அந்தப் பாட்டுகளைக் கேட்டால் ஓபரா வாடையே இருக்காது.

இயக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே குரல் தேவையே இல்லை. எத்தனை வருடம் பொறுத்து வந்தாலும் நஷ்டமில்லை, மேடை அனுபவம் கூடக் கூட லாபம்தான். ஜெர்மன் மெஸோ பாடகி பிரிகிட்டே ஃபாஸ்பெண்டர் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இயக்கத்தில் கைவைத்திருந்தார். 1995இல் பாடுவதை நிறுத்தினார். 1999 முதல் 2012 வரை ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்து அரங்கின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். எண்பதைத் தாண்டிய பிறகு, எர்ல் விழாவில் வாக்னரின் 'ரிங்' ஓபராக்கள் நான்கையும் இயக்கினார். எண்பது வயதில் அப்படியொரு வேலையைச் செய்ய முடிகிற துறை பாடகருக்கு வேறு எது?

பாடகர் இயக்குநரானால் கிடைக்கும் முதல் நன்மை, பாடுகிறவரின் உடம்பு அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் மூச்சு வேண்டும், எப்போது இசை நடத்துநர் கண்ணில் பட வேண்டும், எந்தத் திரைச்சீலை ஒலியை விழுங்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆபத்தும் அங்கேதான். தான் அந்த வேடத்தை எப்படிச் செய்தாரோ அப்படியே மற்றவரையும் செய்ய வைக்கும் ஆசை வந்துவிடும். நடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டால் ஒத்திகை கெட்டது. இரண்டாவது சிக்கல், பாடகர் அதுவரை தன் பாத்திரத்தின் வழியாகவே கதையைப் பார்த்திருப்பார். இப்போது கோரஸின் (கூட்டமாகப் பாடுகிறவர்கள்) கடைசி ஆள் ஏன் அந்த மூலையில் நிற்கிறார் என்பதற்கும் காரணம் வேண்டும். ஒளி, உடை, மேடை அமைப்பு எல்லாம் ஒத்திகைக்குப் பல மாதம் முன்பே முடிவாகிவிடும். ஒத்திகை அறைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பழகியவருக்கு இது பெரிய அதிர்ச்சி.

ஓபரா பாடகர் ரோலாண்டோ வில்லாசோன் 2012இல் ஜெர்மனியின் பாடன்-பாடனில் ஒரே தயாரிப்பில் நாயகனாகப் பாடி, இயக்கவும் செய்தார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மேடைக்குள்ளே நிற்கிறவர் கண்ணுக்கு மேடை தெரியாது. பாடகி ரெஜினா ரெஸ்னிக் 1971இல் ஹாம்பர்க்கில் 'கார்மென்' இயக்கியபோது, பல வருடம் பாடிய வேடத்தை வெளியே நின்று பார்த்தார். எனக்கு அந்த வழிதான் சரியாகப் படுகிறது.

அப்புறம் பயிற்றுவித்தல். மூன்றில் இதைத்தான் மக்கள் மிகச் சாதாரணமாக நினைக்கிறார்கள். எனக்கோ இதுதான் மிகக் கடினமானது. இயற்கையாகவே நல்ல குரல் வாய்த்தவர் பல சமயம் மோசமான ஆசிரியராக இருப்பார், தான் செய்வது எப்படி நடக்கிறது என்று அவர் யோசிக்க வேண்டியிருந்ததே இல்லை. மறுபக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாட்டு ஆசிரியர் மனுவேல் கார்சியாவைப் பாருங்கள். பாடகர் குடும்பம், பாடகிகள் மாலிப்ரானும் பௌலின் வியார்தோவும் தங்கைகள். அவருடைய சொந்த மேடை வாழ்க்கை சீக்கிரமே முடிந்தது. பாடம் சொன்னார், குரல் எப்படிப் பிறக்கிறது என்று தேடினார். 1854இல் சின்னக் கண்ணாடிகளையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் தொண்டைக்குள் குரல்வளை அசைவதைப் பார்த்தார். களைத்துப்போன குரலோடு 1841இல் வந்த பாடகி ஜென்னி லிண்டை முதலில் சில வாரம் பாடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பாடம் ஆரம்பித்தார். பாடாதே என்று சொல்லும் தைரியம் ஆசிரியருக்கு வேண்டும்.

சொல்லிக் கொடுப்பதிலும் இரண்டு வகை உண்டு. 1971-72இல் நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைப் பள்ளியில் ஓபரா பாடகி மரியா காலஸ் நடத்தியது மாஸ்டர் கிளாஸ். கூட்டம் பார்க்க, ஒரு மாணவர் பாட, மேதை திருத்துவார். அதில் இசையின் பொருள் கிடைக்கும். தொண்டைப் பழக்கம் அரை மணியில் மாறாது. வாராவாரம் ஒரே மாணவரோடு உட்கார்ந்து அதே சுரத்தைச் சரி செய்வது வேறு வேலை, அங்கே கைதட்டல் இல்லை. கைதட்டல் இல்லாமல் இருக்க முடியுமா என்பதை ஒரு பாடகர் முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சோப்ரானோ லோட்டே லேமன் மேடையை விட்டபின் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் சொல்லிக் கொடுத்தார். ஓபரா பாடகிகள் மர்லின் ஹோர்னும் கிரேஸ் பம்ப்ரியும் அவரிடம் கற்றவர்கள்.

சரி, பணம்? ஓபராவில் தனித்து இயங்கும் பாடகருக்கு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று சம்பளம். தொண்டை கட்டி பாட முடியாத இரவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. இயக்குநருக்கு ஒரு தயாரிப்புக்கு ஒரு தொகை. ஆனால் அந்த வாரங்களில் வேறு ஊரில் பாட முடியாது. காபரேவில் வருமானம் சிறியது. பியானோ கலைஞருக்கும் பாடல்களை மாற்றி அமைப்பதற்கும் கொடுத்தது போக மிச்சம்தான் கைக்கு வரும். மாதாமாதம் நிச்சயமாக வருவது கல்லூரி வேலையில்தான். ஆனால் அமெரிக்காவில் பல கல்லூரிகள் முனைவர் பட்டம் கேட்கின்றன, மேடைப் புகழ் மட்டும் எல்லா இடத்திலும் போதாது. பணத்துக்காக மட்டும் காபரே பக்கம் போக வேண்டாம் என்று தெளிவாகச் சொல்வேன்.

என் கணக்கு இது. முப்பதுகளில் இருக்கும் பாடகர் வருடத்துக்கு ஒரு காபரே நிகழ்ச்சியாவது செய்து பார்க்கட்டும். அதே வயதில் இரண்டே இரண்டு மாணவர்களை வைத்துக்கொள்ளட்டும். தனக்குத் தெரியாதது எது என்று மாணவர் கேட்கும் கேள்வியில்தான் தெரியும். இயக்கத்துக்கு அவசரம் வேண்டாம். உதவி இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காட்சி இல்லாத ஒத்திகைகளையும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஃபாரெல் 1971 முதல் 1980 வரை இண்டியானா பல்கலைக்கழகத்தில் பாட்டு சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு, எழுபது வயதை ஒட்டிய காலத்தில், மறுபடியும் மைக் முன்னால் நின்று அந்த ஜனரஞ்சகப் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்தார்.