கையில் காசா, போனில் காசா?

என் மகனுக்கு 17 வயது, ஆட்டிசம். கூட்டல் கழித்தலில் என்னைவிட வேகம், ஆனால் காசு தீரும்வரை கடையை விட்டு நகர மாட்டான். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு 16, டவுன் சிண்ட்ரோம். சொன்ன பொருளைத் தவிர எதையும் தொட மாட்டாள், ஆனால் நூறு ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பாள். நானும் அவள் அம்மாவும் ஒரே வாரத்தில்தான் பிள்ளைகளுக்குக் காசு பழக்க ஆரம்பித்தோம். நான் போனைக் கொடுத்தேன், அவர் பர்ஸைக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது, இரண்டு பேரும் தப்பானதைக் கொடுத்திருக்கிறோம் என்று.

முதலில் என் கதை. தனியாக ஒரு கணக்கில் 500 ரூபாய் போட்டு, என் பழைய போனில் ஸ்கேன் செய்யச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே நாளில் படித்துக்கொண்டான். சிக்கல், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் அந்த ஸ்பீக்கர் டப்பா. "ஐந்து ரூபாய் பெறப்பட்டது" என்ற குரல் அவனுக்குப் பிடித்துப்போனது. ஒரு மிட்டாய் வாங்கிவிட்டுப் பதினொரு தடவை ஸ்கேன் செய்திருக்கிறான். அண்ணாச்சி நல்லவர், ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார். போனில் பணம் குறைவது எண்ணாகத்தான் தெரியும். எண் அவனுக்கு விளையாட்டு. பர்ஸ் இளைத்துப்போவதைக் கண்ணால் பார்த்தால்தான் "போச்சு" என்று புரிகிறது.

எதிர்வீட்டில் வேறு மாதிரி. புது 20 ரூபாய் நோட்டு பச்சை கலந்த மஞ்சள், 200 ரூபாய் நோட்டு பளீர் மஞ்சள். நிறத்தை வைத்து நோட்டைப் பிரிக்கும் பிள்ளைக்கு இது சோதனை. ஒரு கடையில் இருபதுக்குப் பதில் இருநூறைக் கொடுத்தாள், கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பர்ஸைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "அக்கா, மாத்திப் பாப்போமா?" என்று அவள் அம்மாதான் கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது யூபிஐ சர்க்கிள். 2024-இல் வந்த வசதி. அம்மாவின் கணக்கிலிருந்தே மகள் பணம் அனுப்பலாம். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் போனுக்குக் கேள்வி வந்து, அவர் பின் நம்பர் போட்டால்தான் போகும்படி வைக்கலாம். இல்லை, ஒரு வரம்பு போட்டு அதற்குள் அவளே செலவழிக்கட்டும் என்றும் விடலாம் (மாதம் 15,000-க்கு மேல் வைக்க முடியாது). மீதிச் சில்லறைத் தொல்லை ஒழிந்தது. ஆனால் அம்மா குளித்துக்கொண்டிருந்தால் மகள் கடையில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பெயர் தனியாக வாழப் பழகுவதா என்று எனக்குச் சந்தேகம்தான். சின்ன வரம்பு போட்டு விட்டுவிடுவதே மேல்.

என் மகனுக்குப் பர்ஸ், அதில் பத்து ரூபாய் நோட்டு ஐந்து, அவ்வளவுதான். பழக்கும் இடம் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறந்தது இதுதான். எனக்குப் பிடித்தது பெருமை இல்லை, விலைப் பலகை. பேரம் கிடையாது, எழுதியிருப்பதுதான் விலை. பேரம் பேசும் கடையில் ஆட்டிசப் பிள்ளை தடுமாறிப்போவான்.

கழித்தல் வராத பிள்ளைக்கும் ரொக்கத்தில் ஒரு வழி உண்டு: 'அடுத்த பத்து'. விலை 34 என்றால் நான்கு பத்து ரூபாய் எண்ணிக் கொடு, மீதியை வாங்கிக்கொள். மீதியைச் சரிபார்க்கத் தெரியாவிட்டாலும் ஒன்பது ரூபாய்க்கு மேல் ஏமாற முடியாது. இது முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணிடமிருந்து பர்ஸைப் பிடுங்கியிருக்க மாட்டோம். பத்து ரூபாய் நோட்டு கிடைப்பதுதான் பாடு. நாணயம் கொடுத்தால் நம்மூரில் இன்னும் சில கடைகளில் முகம் சுளிக்கிறார்கள், செல்லும் காசாக இருந்தும்.

டவுன் பஸ்ஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசம் என்பதால் அங்கே காசுப் பாடம் நடக்காது, இறங்கும் இடம் பார்க்கும் பாடம்தான். காசுக்கு ஷேர் ஆட்டோதான் பள்ளிக்கூடம்.

ஆக, என்னிடம் யாராவது கேட்டால், பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லையா, நிறுத்தத் தெரியவில்லையா என்று திருப்பிக் கேட்பேன். எண்ண வராதென்றால் வரம்பு போட்ட போன், கூடவே வாரம் ஒரு நாள் 'அடுத்த பத்து'. நிறுத்த வராதென்றால் ரொக்கம், அதுவும் எண்ணி வைத்த ரொக்கம்.

மகன் இப்போது அண்ணாச்சி கடைக்கும் பர்ஸோடுதான் போகிறான். அவன் நோட்டை நீட்டினால் அண்ணாச்சி கல்லாவில் போட்டுவிட்டு, அந்த டப்பாவின் குரலிலேயே சொல்கிறார்: "பத்து ரூபாய் பெறப்பட்டது." ஒரு தடவைதான் சொல்வாராம்.