கிருஷ்ணகிரியில் ஒரு சேபர் வாள்வீச்சு வகுப்பு

வாள்வீச்சின் மூன்று வாள் வகைகளில் ஒன்றான சேபர் பிரிவில் பல ஆண்டுகள் போட்டியிட்டுப் பின்னர் பயிற்சியாளரான ஒருவர் கிருஷ்ணகிரியில் நடத்தும் வகுப்பில் என் மகள் எட்டு மாதங்களாகப் பயில்கிறாள். முதல் இரண்டு மாதங்கள் வாளைத் தொடவிடாமல் காலடிப் பயிற்சியை மட்டுமே அவர் கொடுத்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது; இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால் தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே புள்ளி என்பதால், சேபரில் கால்களே ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்பது பிறகுதான் புரிந்தது. பிடியை இறுக்கும் பிள்ளைகளின் கட்டைவிரலை அவரே பொறுமையாகத் தளர்த்திவிடுவார். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தை 15-3 என வென்ற சென்னையின் பவானி தேவியும் மூங்கில் கழியில் பழகியவர்தான் என்று சொல்லி ஊக்குவிப்பார். வாள் பட்டதை மின்கருவியில் பதியச் செய்யும் மின்கடத்தும் மேலங்கிகள் இரண்டே இருப்பதுதான் பெருங்குறை. பிள்ளைகள் வியர்வையோடு மாற்றி மாற்றி அணிகிறார்கள். கையுறையை மட்டுமாவது சொந்தமாக வாங்கிக்கொடுங்கள்.