சொடக்கா, எழுத்தா, கண்ணாடியா?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள்தான் அதிகம். ஒருநாள் ஆங்கிலேயர் ஒருவரின் ஒலிப்பதிவைப் போட்டு, கேட்ட சொற்களை எழுதச் சொன்னேன். இலையைக் குறிக்கும் 'லீஃப்' வந்தபோது பாதிப் பேர் ஆங்கில 'ஐ' (i) எழுத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். நாளெல்லாம் கொழுந்தோடு வாழும் வீட்டுப் பிள்ளைகள்! குறில் நெடில் அறிந்த தமிழ்க் காது எப்படி ஏமாந்தது?

தவறு என்னுடையது. மாத்திரை முறையில் சொல்லிக்கொடுத்திருந்தேன். குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு இரண்டு. 'ஷிப்' கப்பல், 'ஷீப்' செம்மறியாடு. 'ஃபுல்' நிறைவு, 'ஃபூல்' முட்டாள். செலவில்லை, தரம் 6 பிள்ளைக்கும் உடனே பிடிபடும். சிங்களத்திலும் குறில் நெடில் உண்டு என்பதால் சிங்களப் பிள்ளைகளுக்கும் இது எளிது.

ஆனால் தமிழில் உள்ளதுபோல ஆங்கிலத்தில் மாத்திரை ஓரளவில் நிற்பதில்லை. பின்னால் வரும் மெய் அதை இழுக்கும், சுருக்கும். தொண்டை அதிராத 'ஃப்', 'ப்' போன்றவை வந்தால் முன்னுள்ள உயிர் சுருங்கும். அதிரும் 'வ்' வந்தால் நீளும். இதனால் 'லீஃப்' சொல்லின் ஈகாரம் குறுகி, வாழ்வதைக் குறிக்கும் 'லிவ்' சொல்லின் இகரம் நீண்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன. பாடசாலைக்குக் கடிதம் கொடுத்து எடுக்கிறோமே, அந்த 'லீவ்'தான் உண்மையில் நீளமானது. சொடக்கை எண்ணும் காது இங்கே தோற்கிறது.

அடுத்தது எழுத்து விதி: சொல்லின் கடைசியில் ஊமையாக ஆங்கில 'ஈ' (e) எழுத்து நின்றால் முன்னுள்ள உயிர் நெடில். 'ஹொப்' 'ஹோப்' ஆகும், 'கிட்' 'கைட்' ஆகும். வாசிப்புக்கு நல்லது, காதுக்கு உதவாது. 'லிவ்', 'கிவ்' இரண்டும் அதே எழுத்தில் முடிந்தும் குறிலாகவே நிற்கின்றன. தவிர, 'கிட்'டின் நெடில் 'கீட்' அல்லவா என்று பிள்ளை கேட்கும். சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் ஒலி மாறின. ஈகாரமாக இருந்தது ஐகாரமானது, எழுத்து மட்டும் பழையபடி தங்கிவிட்டது. (ஐகாரத்துக்கு இகரத்தை இனமாக வைத்த நன்னூலைப் படித்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இராது.)

நான் இப்போது நம்புவது கைக்கண்ணாடியை. 'ஷீப்' சொல்லும்போது உதடு விரிந்து இறுகும், நாக்கு மேலெழும். 'ஷிப்' சொல்லும்போது உதடு தளரும், தாடை சற்றே இறங்கும். அந்த இகரம் நம் இகரத்தைவிட எகரத்தின் பக்கம் சாய்ந்தது. அதை வேண்டுமென்றே நீட்டிச் சொன்னாலும் 'ஷீப்' ஆகாது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் முழுக்கச் சிரிப்பிலேயே போய்விடும், அதையும் சொல்லியாக வேண்டும்.

அகராதிக்காரர்களும் இந்தப் பாதையில் வந்தவர்கள்தான். ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதியில் இகர ஈகாரங்களுக்கு ஒரே குறியீடு. நெடிலுக்குக் கூடுதலாக நீட்டல் புள்ளிகள், அவ்வளவுதான். 1977இல் அதன் 14ஆம் பதிப்பைத் திருத்திய கிம்சன், புள்ளிகளை வைத்துக்கொண்டே குறிலுக்குத் தனிக் குறியீடு கொடுத்தார்.

சொடக்கை முதல் இரண்டு வகுப்புகளோடு நிறுத்திவிடுகிறேன். எழுத்து விதி வாசிப்பு நேரத்துக்கு மட்டும். எழுத்துத் தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கிறது என்று வருபவர்களுக்கு அந்த விதியை மட்டும் சொல்லி அனுப்புகிறேன்; கண்ணாடிக்கு ஒரு தவணையாவது வேண்டும்.