கிருஷ்ணகிரியில் ஒரு டெஸ்டிங் வகுப்பு: 12 வாரம் போய் வந்தவன் சொல்கிறேன்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். நாள் முழுக்க வெர்னியர் காலிப்பரும் கையுமாக நிற்கிற வேலை. மாமா பையன் சொல்லித்தான் ராயக்கோட்டை சாலையில் மாடியில் நடக்கும் இந்த சாப்ட்வேர் டெஸ்டிங் வகுப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு காலை மூன்று மணி நேரம். கட்டணம் 9,000 ரூபாய், இரண்டு தவணை.

முதல் நாள் மேடம் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. "அரசு பஸ்ஸில் 5 வயது வரை டிக்கெட் இல்லை, 12 வரை அரை டிக்கெட். கண்டக்டர் மெஷினைச் சோதிக்க எந்த வயது போட்டுப் பார்ப்பீங்க?" என்றார். நாங்கள் 3, 8, 30 என்றோம். "தப்பு வரப்புலதான் உட்கார்ந்திருக்கும்" என்று சொல்லி 4, 5, 6, பிறகு 11, 12, 13 என்று எழுதினார். முன்பு 3 வயது வரைதான் இலவசம், 2022இல் அதை 5 ஆக்கினார்கள். அப்படி ஒரு விதி மாறினால் பழைய சோதனைகளில் எதையெல்லாம் திரும்ப ஓட்ட வேண்டும் என்பதிலேயே அன்றைய வகுப்பு முடிந்தது.

வகுப்பில் பாதிப் பேர் மாந்தோப்பு உள்ள வீட்டுப் பிள்ளைகள். ஒரே டெஸ்ட் கேஸ்களையே, அதாவது எதைக் கொடுத்தால் என்ன வர வேண்டும் என்று எழுதி வைத்த சோதனைகளையே, ஓட்டிக்கொண்டிருந்தால் புதுப் பிழை அகப்படாது. டெஸ்டிங் பற்றிப் புத்தகங்கள் எழுதிய போரிஸ் பெய்சர் இதற்குப் பூச்சிக்கொல்லி முரண் என்று பெயர் வைத்தார். எங்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பூ விடும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு அப்பா சொல்வது அதுதான்: "போன தடவை அடிச்ச மருந்தையே அடிக்காதடா."

கொடுத்த காசு முழுக்க எனக்குத் திரும்பி வந்தது பிழை அறிக்கை எழுதிய வாரங்களில். 'பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். மேடம் அதைப் பக்கத்து பெஞ்சுப் பையனிடம் கொடுத்து, அந்தப் பிழையை வரவழைக்கச் சொன்னார். அவனால் முடியவில்லை. அப்புறம் எந்த போன், எந்த பதிப்பு, எந்த வரிசையில் எதை அழுத்தினேன், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று நான்கு முறை திருத்தி எழுதினேன். "பிழைக்கு ஊர் பேர் எழுதுங்க, ஆளுக்கு எழுதாதீங்க" என்பார். பழைய வேலையில் கழித்த பொருளின் சீட்டில் ஆபரேட்டர் பெயரை எழுதுவோம். அதனால் எத்தனை சண்டை! இப்போதைய வேலையில் ஒரு டெவலப்பர், "என் மெஷின்ல ஓடுதே" என்றார். செல் நம்பரை இடைவெளியோடு காப்பி செய்து ஒட்டினால் மட்டும் நின்றுபோவதைப் படிப்படியாக எழுதிக் காட்டினேன். மதியமே சரி செய்துவிட்டார்.

சோதனையை நிரல் எழுதித் தானாக ஓட வைக்கும் ஆட்டோமேஷன் பகுதி சுமார்தான். 14 பேருக்கு எட்டு கம்ப்யூட்டர். அதற்கு செலினியம் என்ற கருவி. அது பிரவுசரை இயக்க டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். 4.6 பதிப்பு வந்ததிலிருந்து தேவையான டிரைவரை அதுவே தேடி எடுத்துக்கொள்கிறது, இங்கே இன்னும் குரோம் டிரைவரைக் கையால் இறக்கிப் போடச் சொல்லித் தருகிறார்கள். அதிலேயே ஒரு வகுப்பு போய்விட்டது. நிரல் எழுதத்தான் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

வேலை வாங்கித் தருவதாக இவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. சேருவதற்கு முன் ஒரு ஞாயிறு சும்மா உட்கார்ந்து கேட்கலாம். பிழை அறிக்கை நடக்கும் வாரம் எதுவென்று விசாரித்து, அன்றைக்குப் போங்கள்.