அப்பாவின் கைப்பிடி 19 கிலோ: மாட்டுங்காவில் ஒரு தள்ளாமைப் பரிசோதனை

அப்பாவுக்கு வயது 77. இதயச் செயலிழப்பு என்று சொல்லி நான்கு வருடமாகிறது. எக்கோவில் ஈஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் (இதயத்தின் கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே போகும் பங்கு) இரண்டு வருடமாக 35 சதவீதத்திலேயே நிற்கிறது. "அப்படியே இருக்கு, கவலைப்படாதீங்கோ" என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருவோம். ஆனால் மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைக்காயை முறித்துப் பார்த்து வாங்கியவர், இப்போது சோபாவிலிருந்து எழவே என் தோளைத் தேடுகிறார். அதனால்தான் பக்கத்தில் இருக்கும் இதய கிளினிக்கில் ஃபிரெயில்ட்டி பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். நம் பாஷையில் தள்ளாமை. அந்த வார்த்தையை அவர் காதில் போடாதே என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

முதலில் கைப்பிடி மீட்டர். "டோம்பிவிலியிலேர்ந்து வி.டி. வரைக்கும் முப்பது வருஷம் லோக்கல் ரயில்லே கம்பியைப் பிடிச்சுண்டு தொங்கின கைடி இது" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். மூன்று தடவையில் அதிகபட்சம் 19 கிலோ. ஆசிய ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே என்றாலே பலம் குறைவு என்று கணக்கு. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் 4 மீட்டர் நடை: 7 விநாடி. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 19 விநாடி. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்பதில் 5 விநாடியில் சாய்ந்துவிட்டார். மூன்றுக்கும் சேர்த்து மதிப்பெண் 12-க்கு 6.

எனக்கு உறைத்தது எடை விஷயம். போன வருடமும் 61 கிலோ, இப்போதும் 61. ‘எடை குறைந்ததா’ என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் அடித்தேன். பிசியோதெரபிஸ்ட் அப்பாவின் கணுக்காலுக்கு மேல் விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. காலில் நீர் ஏறியிருந்தால், தசை கரைந்தது தராசில் தெரியாதாம். டேப்பால் புஜத்தை அளந்து குறித்துக்கொண்டார். வீட்டில் தினமும் எடை பார்க்கிறோம், இது தோன்றவில்லையே!

‘போன வாரம் எதைச் செய்தாலும் பாடாக இருந்ததா’ என்ற கேள்விக்கு அப்பா "அதெல்லாம் ஒண்ணுமில்லே" என்றார். "குளிச்சுட்டு வந்து அரை மணி படுத்துக்கறார், அதை எழுதிக்கச் சொல்லு" என்றாள் அம்மா. கூட ஒருவர் போவது அவசியம்.

குறைகள் உண்டு. ஒரு மணி ஐம்பது நிமிடம் காக்க வைத்தார்கள். முதலில் கை வைத்த நாற்காலியைப் போட்டார்கள். நான் சொன்னபிறகுதான் மாற்றினார்கள். கட்டணம் 1,500 ரூபாய், ரிப்போர்ட் ஆங்கிலத்தில் மட்டும். டாக்டர் பேசியது நான்கு நிமிடம். ஆனாலும் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்து நீர் மாத்திரையை மாற்றினார், வீட்டில் செய்ய நாற்காலிப் பயிற்சி எழுதிக்கொடுத்தார். ஐந்துக்கு மூன்றரை.

அன்று நீர் மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் போனதில் நடுவில் மூன்று தடவை பாத்ரூம். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை 9 மணிக்கே கேட்டு வாங்கியிருக்கிறேன்.