பெரியம்மாவின் வட்டிப் பணமும் இரண்டு அடையாள அட்டை இலக்கங்களும்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ள வயதானவர்களின் வங்கி அலுவல்களையும் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் நிலையான வைப்பு வட்டியில் கழிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர்கள் ஒரு சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள், ஆனால் அதற்கு டின் (வரி செலுத்துவோர் அடையாள) இலக்கம் வேண்டும். களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் பெரியம்மா பென்சன் எடுக்கும் டீச்சர். வட்டி குறைந்து வருவது அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

டின் எடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. வீட்டு விறாந்தையில் இருந்தே என் போனில் விண்ணப்பித்தோம். அடையாள அட்டையைப் படம் எடுத்து ஏற்றினோம், விவரங்களை நிரப்பினோம், இலக்கம் வந்துவிட்டது. கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இப்போது மட்டக்களப்புக் கோட்டைக்குள் இல்லை, திராய்மடுவுக்குப் போய்விட்டது, அந்தப் பக்கமெல்லாம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு அலையத் தேவையே வரவில்லை. இந்த அளவுக்கு வந்திருப்பது உண்மையிலேயே சந்தோஷம்.

சிக்கல் வங்கியில்தான். எந்த வங்கி என்று எழுதப் போவதில்லை, கவுண்டரில் இருந்த பிள்ளை தன்னால் முடிந்ததைப் பொறுமையாகச் செய்தார். பெரியம்மாவின் கணக்கு பல வருடங்களுக்கு முன் திறந்தது, அதில் இருப்பது V என்று முடியும் பழைய அடையாள அட்டை இலக்கம். அந்த அட்டை நைந்துபோய், புதிதாக எடுத்தபோது 12 இலக்க எண் கொடுத்துவிட்டார்கள். டின் பதிவில் இருப்பது புதிய எண். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"டீச்சர், இது வேற ஆள் என்டு காட்டுது."

"நான்தானே மகள் உங்களுக்கு முன்னால இருக்கன்."

கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலகத்தின் கையொப்பம், போதாததற்கு ஜேபியிடம் (சமாதான நீதவான்) ஒரு சத்தியக் கடதாசி, இவ்வளவும் வேண்டுமாம், இரண்டு இலக்கமும் ஒரே ஆளுடையது என்று நிரூபிக்க. வெயிலில் முழங்கால் வலியோடு அவர் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் தாங்கவில்லை.

அந்த இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016 இல் 12 இலக்க எண் வந்தபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அதற்கு முன்னால் 19 சேர்ந்தது. அடுத்த மூன்று இலக்கம் வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும், அது அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு 0, பிறகு மிச்சம் நாலு இலக்கம், கடைசி எழுத்து போய்விட்டது. அவ்வளவுதான் மாற்றம். இதை ஒரு கணினிக்குச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் தரவுத்தள வேலை செய்பவன், பழையதைப் புதியதற்கு மாற்றுவதுதான் என் அன்றாடப் பிழைப்பு, ஒரு மத்தியானம் போதும் என்று துணிந்து சொல்வேன். பெயரோ பிறந்த திகதியோ ஒத்துப்போகாவிட்டால் கடிதம் கேளுங்கள், அது நியாயம். எல்லாம் ஒத்துப்போகும்போது எதற்கு?

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஐயா மண்டூர்க்காரர். வாவியைக் குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில், கடந்து வந்திருந்தார், அவருக்கும் இதே கதைதான். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைச் சனத்துக்கு ஒரு கடிதம் என்றால் வேலை கெட்டு ஒரு நாள் போகிறது.

நான் இருக்கும் அமெரிக்காவில் வரித் திணைக்களம் பெரிய திறமை என்று சொல்ல வரவில்லை. அங்கே ஐஆர்எஸ் தனிநபர் கணக்குகளை வைத்திருக்கும் மாஸ்டர் ஃபைல் 1960களில் அசெம்ப்ளி, கோபோல் என்ற பழைய கணினி மொழிகளில் எழுதத் தொடங்கியது, இன்னும் அதன் மேல்தான் எல்லாம் நிற்கிறது. 1990களில் பில்லியன் கணக்கில் டொலரைக் கொட்டி மாற்றப் பார்த்து முடியாமல் விட்டார்கள். வாரம் ஒருமுறை புதுப்பித்த கணக்குகளைத் தினமும் புதுப்பிக்கத் தொடங்கியதே 2012 இல்தான். 2018 ஏப்ரல் 17, வரிப் படிவம் கொடுக்கும் கடைசி நாளன்று, கணினிகள் படுத்துவிட்டன, ஒரு நாள் தவணை கூட்டிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட கிழட்டு முறையிலும் ஆளுக்கு ஒரு சமூகப் பாதுகாப்பு எண்தான். அட்டை தொலைந்து வேறு அட்டை எடுத்தாலும் எண் மாறுவதில்லை, அதனால் வங்கியும் வரிக்காரரும் ஆளை மாற்றிப் பிடிப்பது குறைவு.

நம் உண்ணாட்டு இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் என்ற வரிக் கணினி முறை அதைவிட எவ்வளவோ புதியது. சிங்கப்பூர் நிறுவனம் செய்து கொடுத்தது, மற்ற நிறுவனங்களின் தரவுகளோடு இணைப்பதே அதன் பெரிய நோக்கம். பாராளுமன்றத்தில் அரச கணக்குகளைப் பார்க்கும் கோபா குழு அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டிருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பதிய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் பழைய அட்டைக்காரர் அத்தனை பேரும் இந்தக் கதவால்தான் போக வேண்டும். இன்னும் எத்தனை கோடி செலவழித்துப் புதுப்பித்தாலும், இந்தப் பக்கம் பழைய எண்ணும் அந்தப் பக்கம் புதிய எண்ணும் இருந்தால், இடையில் கடிதம் சுமப்பது கிழவிகள்தான். முதலில் இந்த இரண்டு எண்ணையும் இணைத்துவிடுங்கள், மற்ற அலங்காரமெல்லாம் பிறகு.

சரி, அதுவரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது: ஊரில் அம்மா அப்பாவின் வங்கிக் கணக்கில் எந்த இலக்கம் இருக்கிறது என்று போனில் கேட்டுப் பாருங்கள். பழையது என்றால், டின் எடுப்பதற்கு முன்பே வங்கியில் மாற்றச் சொல்லுங்கள். படிவம் ஒருமுறை கொடுத்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், வரி வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது, ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கழித்த பணத்தையும் வருமான விவரத்திரட்டு கொடுத்துத் திருப்பிக் கேட்கலாம். பெரியம்மாவுக்கு அதைத்தான் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.